கோப்பு இருக்கிறது, ஆனால் "இல்லை" என்கிறது: ஒரு பெயரின் வரலாறு

பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் நம் பிள்ளைகள் ஒருநாள் கட்டாயம் காணும் வரி, "பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை" என்பது. கோப்பு கண்முன்னே கிடக்கும். பிறகு ஏன் இல்லை என்கிறது? நியாயமான கேள்வி.

முந்திய காலத்தில் ஒவ்வொரு செயலியும் பொதுவான நிரல்களைத் தனக்கென்று பிரதி எடுத்து வைத்துக்கொண்டது. பத்துச் செயலி என்றால் பத்துப் பிரதி. 1988இல் சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4.0 பகிர்வு நூலகங்களைக் கொண்டுவந்தது: ஒரு பிரதி, எல்லாருக்கும் பொது. லினக்ஸில் முதலில் ஒவ்வொரு நூலகத்துக்கும் நினைவகத்தில் நிலையான முகவரி ஒதுக்கவேண்டியிருந்தது. ஒன்றோடொன்று மோதாமலிருக்கப் பதிவேடே வைத்திருந்தார்கள். 1995 அளவில் எல்ஃப் வடிவத்துக்கு மாறிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தமிழையும் அரபையும் திரையில் ஒழுங்காக அமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். (நாம் குர்ஆன் மத்ரஸாவில் படித்த அதே 'ஹர்ஃப்', எழுத்து, இந்தப் பெயருக்குள்ளும் இருக்கிறது.) 'கொ' என்று தட்டும்போது ககரத்துக்குப் பின் வரும் குறியின் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது இதன் வேலை. இதற்கு மூன்று பெயர். செயலியைக் கட்டும்போது இணைப்பி தேடுவது எண் இல்லாத பெயரை. நூலகத்துக்குள் பொறித்திருப்பது கடைசியில் 0 என்று முடியும் பெயர். இணைப்பி அதைத்தான் செயலிக்குள் எழுதிவிடுகிறது. உண்மையான கோப்பின் பெயரில் இன்னும் நீளமான எண் இருக்கும். புதிய பதிப்பு வந்தால் அந்த நீள எண் மாறும், நடுப்பெயர் மாறாது. 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பஸ்ஸில் நாம் லபுக்கலைக்குத்தானே டிக்கட் கேட்கிறோம்? அதுபோலத்தான்.

பழைய செயலிக்கு ஒத்துவராத மாற்றம் வந்தால் மட்டும் நடு எண்ணைக் கூட்டவேண்டும். 1997இல் லினக்ஸின் அடிப்படை சி நூலகம் 5இலிருந்து 6க்கு மாறியபோது இரண்டையும் ஒன்றாக வைத்துப் பலர் திண்டாடினார்கள். இன்றுவரை அது 6தான். மாற்றங்களை உள்ளே, ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் தனிப் பதிப்புக் குறியாக வைத்துக்கொண்டார்கள். நம் பார்வையில் இதுதான் பெரிய சாதனை.

இனிப் பிள்ளைகளின் கேள்வி. செயலி இயங்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிவைத்த அடைவுகளிலும், எல்டி-கொன்ஃபிக் தொகுத்து வைத்த பட்டியலிலும், கடைசியாக வழமையான நூலக அடைவுகளிலும்தான் தேடும். விண்டோஸைப் போல, செயலி இருக்கும் அடைவில் தானாகப் பார்க்காது. பக்கத்தில் கிடந்தும் "இல்லை" என்பது அதனால்தான். எல்டிடி என்ற கட்டளையோடு செயலியின் பெயரைக் கொடுங்கள். தேவையான பெயர்களும் அவை கிடைத்த இடங்களும் வரிசையாக வரும், கிடைக்காததன் பக்கத்திலேயே அதையும் எழுதிக் காட்டும்.