பெரியாற்று நீரும் உடற்பருமனும்

உடற்பருமனைப் பற்றிப் பேச வந்தவன் அணைக்கட்டிலிருந்து தொடங்குவானேன் என்று நீங்கள் வியக்கலாம். தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இன்று பெருத்துவரும் இடுப்பின் வரலாறு பெரியாற்று நீரோடு பின்னிக் கிடக்கிறது என்பது என் கருத்து.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்தே, மழை மறைவில் அமைந்த நிலம் இது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் மதுரைச் சீமையையும் விட்டுவைக்கவில்லை. பின்னர்ப் பென்னிகுயிக் மேற்பார்வையில் எழுந்த அணை, 1895இல் மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் இன்று அந்த நீரை நம்பியே இருக்கின்றன.

மானாவாரிக் காட்டில் விளைந்த சோளமும் கம்பும் சாமையுமே முன்பு எளியோரின் அன்றாட உணவு. நெல்லுச்சோறு நல்ல நாளுக்கு உரியது. வாய்க்கால் பாய்ந்த பின் அது மெல்ல மெல்ல மூன்று வேளைக்கும் உரியதாயிற்று. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றியே கிடைக்கிறது. பசித்த வயிற்றின் வரலாற்றை அறிந்தவர் எவரும் இதைக் குறைகூறார், நானும் கூறேன். பூசினாற்போல் இருக்கும் பிள்ளையைக் கண்டால் தாய்க்கு நெஞ்சு குளிர்கிறதே, அது பஞ்சம் கற்பித்த மகிழ்ச்சி அன்றோ?

ஆயின் சோறு வந்தபோது இருந்த உழைப்பு இன்று இல்லை. கமலை போய் மின்மோட்டார் வந்தது. உலக்கை போய் அரவை ஆலை வந்தது. ஏலத்தோட்டத்திற்கு மலையேறிய கால்கள் ஜீப்பில் ஏறின. தேநீர்க் கடையின் சர்க்கரையும் வடையும், இரவுப் பரோட்டாவும் கூடச் சேர்ந்தன. செலவாகாத உணவு கொழுப்பாய்த் தங்குகிறது. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40.4 பேரும் ஆண்களில் 37 பேரும் மிகை எடையோ பருமனோ உடையவர் என்கிறது. முந்திய ஆய்வில் பெண்களின் கணக்கு 30.9தான்.

நிறுக்கும் கருவி இல்லாதவர் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பின் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டலாகாது. நம்மவர்க்கு வயிற்றைச் சூழ்ந்த கொழுப்பே நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழி திறக்கிறது.

குறைப்பது எங்ஙனம்? பட்டினி கிடப்பதால் அன்று. பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். உண்ணத் தொடங்கியதும் எடை திரும்பிவிடும். வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும். சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, கீரை, அவரை, முட்டை இவற்றை வையுங்கள். தேநீரில் சர்க்கரையைக் குறையுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடங்கள்; வாய்க்கால் கரைக்குக் கட்டணம் இல்லை! சிறுதானியம் என்றால் வயிறு கொண்டமட்டும் உண்ணலாம் என்று நினைப்போர் பலர். கம்மஞ்சோற்றிலும் மாச்சத்து உண்டு. அளவு அதற்கும் உண்டு. வள்ளுவரும் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் மூலிகைகளைச் சொல்லாமல் உண்ணும் அளவையும் காலத்தையுமே பெரிதும் பேசினார்.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர் மட்டும் மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவைக் குறைக்கவேண்டும். இல்லையேல் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.