பெரியப்பாவிடம் யாரும் ரத்தம் கேட்கல

இன்னைக்கு எபிசோட் ஒரு ரத்தப் பரிசோதனையோட வரலாறு. ஆனா அது எங்க வீட்டுக் கதையில இருந்து ஆரம்பிக்குது.

எங்க பெரியம்மா வீடு திருவொற்றியூர். 80களில் அவங்களுக்கு மூணு தடவை கரு கலைஞ்சுபோச்சு. வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கிட்டாங்க, வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போனாங்க. கம்பெனிப் புகைதான் காரணம்னு தெருவில் சிலர் சொன்னாங்க. வீட்டுக்குள்ள பேச்சு வேற: "இவ வயித்துல நிக்கல." பெரியப்பாவுக்கு இன்னொரு கல்யாணம் பண்ணலாமான்னுகூட பேசினாங்க. பெரியம்மாவுக்கு என்னென்னவோ டெஸ்ட் எடுத்தாங்க. பெரியப்பாவிடம் ஒரு சொட்டு ரத்தம்கூட யாரும் கேட்கல.

அவங்களுக்கு என்ன காரணம்னு இன்னைக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனா மருத்துவத்துக்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று, கணவனிடமும் இருக்கலாம், மனைவியிடமும் இருக்கலாம். அதுக்குப் பேர் பேலன்ஸ்ட் ட்ரான்ஸ்லொகேஷன். தமிழில் குரோமோசோம் இடமாற்றம்னு சொல்லலாம்.

நம்ம ஏரியா உதாரணமே எடுத்துக்குவோம். ராயபுரம் ஸ்டேஷன், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அங்கே 46 கூட்ஸ் வண்டி நிற்குதுன்னு வைங்க. ஒவ்வொரு நம்பரிலும் இரண்டு வண்டி, மொத்தம் 23 ஜோடி. நம்ம செல்லில் குரோமோசோம்கள் இருப்பதும் இப்படித்தான். 11-ஆம் நம்பர் வண்டி ஒன்றின் கடைசிப் பெட்டிகளும், 22-ஆம் நம்பர் வண்டி ஒன்றின் கடைசிப் பெட்டிகளும் இடம் மாறி மாட்டிக்கிச்சு. யார்டில் மொத்தச் சரக்கு குறையல, கூடவும் இல்லை. அதனால அந்த மனுஷருக்குப் பொதுவா எந்தக் குறையும் இருக்காது. ஓடுவார், மூட்டை தூக்குவார், ஒன்னும் தெரியாது.

சிக்கல் குழந்தைக்குக் கொடுக்கும்போது வருது. கருமுட்டைக்கோ விந்தணுவுக்கோ ஒவ்வொரு நம்பரிலும் ஒரு வண்டிதான் போகும். மாறாத இரண்டும் போனால் குழந்தைக்கு இந்த மாற்றமே இருக்காது. மாறிய இரண்டும் சேர்ந்து போனால் குழந்தையும் பெற்றோர் மாதிரியே ஆரோக்கியமா இருக்கும். மாறியது ஒன்று, மாறாதது ஒன்றுன்னு போனால் ஒரு பகுதி அதிகம், இன்னொரு பகுதி குறைவு. அந்தக் கரு பெரும்பாலும் கலைந்துவிடும். சில சமயம் குழந்தை உடல், மன வளர்ச்சிக் குறைபாடுகளோட பிறக்கும்.

சுமார் 500 பேரில் ஒருவருக்கு இந்த இடமாற்றம் இருக்கு. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகள் 100 பேரை எடுத்தால், ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து தம்பதிகளில் ஒருவருக்கு இது இருக்கும்.

சரி, இதை எப்போ கண்டுபிடிச்சாங்க? 1950கள் வரைக்கும் மனிதனுக்கு 48 குரோமோசோம்னுதான் பாடப்புத்தகத்தில் இருந்தது. 1952-ல் அமெரிக்காவில் டி.சி. சூ என்பவரின் ஆய்வகத்தில், செல்களைக் கழுவும் திரவத்தில் உப்பு குறைஞ்சுபோச்சு. தவறுதலா நடந்தது. அதில் செல்கள் உப்பி, குரோமோசோம்கள் தனித்தனியா பிரிந்து தெரிந்தன. இந்த உத்தியைப் பயன்படுத்தி 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ எண்ணிப் பார்த்தார். 46-தான் இருந்தது.

1960 முக்கியமான வருஷம். ராஜ்மா பயறிலிருந்து எடுத்த ஒரு பொருள் ரத்தத்தின் வெள்ளை அணுக்களைப் பிரிய வைக்கும்னு பிலடெல்பியாவில் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் எலும்பு மஜ்ஜையில் ஊசி குத்த வேண்டாம், கையில் எடுக்கும் கொஞ்சம் ரத்தமே போதும். அதே வருஷம் இங்கிலாந்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண்ணிடம் 46 குரோமோசோம்தான் இருந்தது. கூடுதல் 21 எங்கேன்னு பார்த்தால், இன்னொரு குரோமோசோமோட ஒட்டியிருந்தது. சில குடும்பங்களில் ஆரோக்கியமான தாய்மாரிடமும் இந்த ஒட்டல் இருப்பது சீக்கிரமே தெரிய வந்தது.

ஆனால் இரண்டு குரோமோசோம்கள் சம அளவுத் துண்டுகளை மாற்றிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. 1971-ல் இங்கிலாந்தின் மரீனா சீப்ரைட், டிரிப்சின் என்சைமும் ஜீம்சா சாயமும் கொண்டு குரோமோசோம்களில் கோடு கோடாய் வரிகளை வரவைக்கும் எளிய முறையை வெளியிட்டார். அதுக்கப்புறம்தான் எந்தப் பெட்டி எங்கே மாறியிருக்குன்னு சாதாரண ஆய்வகத்திலும் பார்க்க முடிந்தது.

சென்னைக்குக் குரோமோசோம் புதுசு இல்லை. பிரசிடென்சி கல்லூரியில் படித்த ஜானகி அம்மாள், 1945-லேயே பயிர்களின் குரோமோசோம் அட்லஸை டார்லிங்டனோடு சேர்ந்து வெளியிட்டவர். 1984-ல் மதுரவாயலில் காலமானார். அதே நகரத்தின் வடக்கே, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குத் தலைமுறை தலைமுறையாப் பிரசவத்துக்கு வந்த எத்தனையோ பெண்களுக்கு அந்த வார்த்தையே காதில் விழுந்திருக்காது.

இப்போ நிலைமை மாறியிருக்கு. இரண்டு அல்லது அதுக்கு மேல் கரு கலைந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் கருவின் மரபணுப் பரிசோதனைக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்குது. ஆண் குழந்தையா, பெண் குழந்தையான்னு தெரிஞ்சுக்கத் தடை, குரோமோசோம் கோளாறைத் தெரிஞ்சுக்கத் தடையில்லை. அதுக்கு முன்னாடி தம்பதிக்குச் செய்ய வேண்டியது கேரியோடைப்பிங். டாக்டரிடம் பேசும்போது இரண்டு விஷயம் கேளுங்க. ஒன்று, இருவரிடமும் ரத்தம் எடுப்பீங்களா? இரண்டு, இது கேரியோடைப்தானே? மைக்ரோஅரே என்ற டெஸ்ட் சரக்கு கூடியிருக்கா, குறைஞ்சிருக்கான்னு மட்டும்தான் பார்க்கும். இடம் மாறியது அதில் தெரியாது.

ரிசல்ட்டில் இடமாற்றம்னு வந்தால் எல்லாம் முடிஞ்சதுன்னு அர்த்தமில்லை. இந்தத் தம்பதிகளில் பெரும்பாலானவர்களுக்கு, சில இழப்புக்குப் பிறகாவது, ஆரோக்கியமான குழந்தை பிறக்குது. கர்ப்பத்தில் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம். ஐ.வி.எஃப். செய்பவர்கள் கருவைப் பரிசோதித்த பிறகே கருப்பைக்குள் வைக்கலாம்.

அப்போ எண்ணூர்ப் புகை? 2023 டிசம்பரில் பெரியகுப்பம் கடலோரத்தில் அம்மோனியா கசிந்து நள்ளிரவில் ஜனங்க வீட்டைவிட்டு ஓடினாங்க. அந்தக் காற்றைப் பற்றிய கேள்வியை விடவே கூடாது. ஆனா இந்த இடமாற்றம் பெரும்பாலும் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்தது. புகையைத் திட்டினாலும், மருமகளைத் திட்டினாலும் அதுக்குப் பதில் கிடைக்காது.

பெரியம்மாவுக்கு நாலாவதா ஒரு பெண் பிறந்தாள். எனக்கு அக்கா. போன வருஷம் அவளுக்கும் இரண்டாவது தடவை கரு கலைந்தது. இந்த முறை அத்தான்தான் முதலில் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார், "எனக்கும் எடுங்க"ன்னு. ரிசல்ட்டில் இரண்டு பேருக்குமே ஒன்னுமில்லை. காரணத்தை இன்னும் தேடிட்டிருக்காங்க, இரண்டு பேரும் சேர்ந்து.