பாரி மகளிரும் சுவரொட்டியும்

வன்னியின் பாடசாலைகளிலே சங்க இலக்கியம் கற்றவர்க்குப் பாரி மகளிர் புதியவரல்லர். புறநானூற்றின் 112ஆம் பாடல் அவர்களுடையது. பிற்கால மரபு அவர்களை அங்கவை, சங்கவை என்று அழைக்கிறது. தந்தையையும் குன்றையும் இழந்துநின்ற அம்மகளிரின் துயரம், 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்துவந்த மக்களுக்கு வெறும் பரீட்சைப் பாடமன்று.

அப்பெயர்களுக்குத் தமிழ்த் திரை செய்த மரியாதை யாது? 2007இல் வெளிவந்த ‘சிவாஜி’ படம் இரு பெண்களுக்கு அப்பெயர்களைச் சூட்டி, முகத்திலே கரிய சாயம் பூசி, கேலிப்பொருளாக்கிற்று. அப்படத்தின் நாயகனும் கரிய நிறத்தவனே. ஆயினும் அவன் நாயகன், அப்பெண்களோ நகைப்பு. ஆணின் கறுப்பு வீரத்துக்குத் தடையன்று. பெண்ணின் கறுப்போ குற்றம். சுவரொட்டிகளின் நியதியும் இதுவே.

இது தமிழரின் தொன்மையான இரசனை என்பார் உளர். சங்கப் புலவர்கள் தலைவியின் அழகைக் கண்டது மாந்தளிர் போன்ற மாமை நிறத்திலே. அந்த மாமையைக் கெடுக்கும் வெளிறிய பசலையை அவர்கள் நோயென்றே பாடினர்.

பின்னர் நிகழ்ந்ததென்ன? வெயிலில் உழைப்போரை இழிந்தோராகவும் நிழலில் இருப்போரை உயர்ந்தோராகவும் பிரித்த சாதியமைப்பு நிறத்துக்கு விலை வைத்தது. வெள்ளையர் ஆட்சி அவ்விலையை உயர்த்திற்று. வணிகம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1941இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் சவர்க்காரத்தின் முதல் இந்திய நட்சத்திரமானார். 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ இந்தியச் சந்தைக்கு வந்தது. நடிகையின் முகம் படத்தை விற்றது. படம் பசையை விற்றது.

வன்னியிலோ, பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் நிலவிய தொண்ணூறுகளில் இச்சந்தையின் கை முழுமையாக நீளவில்லை. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. போர் முடிந்தபின் பண்டங்கள் தடையின்றி வந்தன. அவற்றோடு விளம்பரப் பதாகையும் வந்தது. இன்று சாமத்தியச் சடங்கின் படத்திலே சிறுமியின் முகத்தைக் கணினி வெளுப்பாக்குகிறது. கலியாண விளம்பரம் ‘சிவந்த நிறம்’ கேட்கிறது. இரணைமடுவின் கீழ் வயலில் களை பிடுங்குபவள், கணவனைப் போரில் இழந்து தனித்துக் குடும்பம் தாங்குபவள் – இவர்களின் நிறம் உழைப்பின் நிறம். அவர்களுடைய மகளிடம் அந்நிறத்தைக் குறையென்று சொல்லி, சீதனத்தின் தொகையையும் உயர்த்துகிறது இவ்வணிகம்.

2020இல், உலகெங்கும் நிறவெறிக்கெதிரான குரல் எழுந்த வேளையில், அந்தப் பசையின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ நீங்கி ‘குளோ’ வந்தது. பெயர் மாறியது மக்கள் எதிர்ப்பின் வெற்றிதான். எனினும் பெயர் மாறியதாலேயே பார்வை மாறிவிடாது.

ஆசிரிய நண்பர்களே! பாரி மகளிரைப் பாடம் சொல்லும் நாளில், ஒரு சுவரொட்டியையும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்வோம். இதிலே உங்கள் தாயின் முகம் எங்கே என்று மாணவரைக் கேட்போம். அக்கேள்வியிலிருந்து பாடம் தொடங்கட்டும்.