ஹேபியஸ் கார்ப்பஸ்

ஆங்கிலத்தில் வழங்கும் இலத்தீன் தொடர்கள் பலவற்றுள் ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்பதற்குத் தனிச் சிறப்பு உண்டு. மனிதர் பலரைச் சிறையினின்று மீட்ட தொடர் அது.

‘நீ உடலைக் கொண்டிருப்பாயாக’ என்பது இதன் நேர்ப்பொருள். உடல் என்றது ஈண்டு உயிருள்ள ஆளையே. முற்காலத்தில் இங்கிலாந்தின் நீதிமன்ற ஆணைகள் இலத்தீனில் எழுதப்பெற்றன. காவலில் வைத்திருப்பவனுக்கு அனுப்பிய ஆணையில் வரும் இவ்விரு சொற்களே அவ்வாணைக்குப் பெயராயின. தொடக்கத்தில், வழக்கிற்கு வேண்டிய ஆளை மன்றத்திற்கு வரவழைக்கவே இது பயன்பட்டது. நாளடைவில், ‘ஆளைக் கொணர்க, அடைத்த காரணத்தையும் கூறுக’ என்று அதிகாரத்தையே வினவும் ஆணையாக வளர்ந்தது. 1679-ஆம் ஆண்டில், இரண்டாம் சார்லஸ் மன்னன் காலத்தில், நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இதனை வலுப்படுத்தியது.

ஒரு வழக்கைக் காண்போம். ஜேம்ஸ் சாமர்செட் என்னும் ஆப்பிரிக்க அடிமை இங்கிலாந்திற்குக் கொண்டுவரப்பட்டான். 1771-இல் ஆண்டானிடமிருந்து தப்பிப் பிடிபட்டான். ஜமைக்காவில் விற்பதற்காக, தேம்ஸ் ஆற்றில் நின்ற கப்பலொன்றில் அவனை விலங்கிட்டு வைத்தனர். அவன்பால் இரக்கம் கொண்டோர் மன்றத்தை அணுகினர். மான்ஸ்பீல்டு பிரபு இவ்வாணையை விடுத்தார். கப்பல் தலைவன் அவனைக் கொணர்ந்து நிறுத்தினான். அவ்வாறு கடத்துவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1772-இல் தீர்ப்பாயிற்று. சாமர்செட் விடுதலை பெற்றான்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, இவ்வாணையை விடுக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்திற்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அளித்தது. இதனை வேண்டும் விண்ணப்பத்தைத் தமிழில் ‘ஆட்கொணர்வு மனு’ என்கிறோம். உடலை விடுத்து ஆளைச் சுட்டும் இப்பெயர் மூலத்தினும் தெளிவானது.

எனினும், நெருக்கடி நிலையின்போது, 1976-இல், இவ்வுரிமையைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவருள் நால்வர் தீர்ப்பளித்தனர். எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு எழுதினார். 1978-இல் நிறைவேறிய 44-ஆம் திருத்தம், நெருக்கடிக் காலத்திலும் உயிருரிமையையும் தன்னுரிமையையும் காக்க வழிசெய்தது. 2017-இல் உச்ச நீதிமன்றமே அப்பழைய தீர்ப்பைத் தள்ளியது.

இதனை நான் வகுப்பில் விளக்கும்போதெல்லாம், “குற்றவாளிக்கும் இவ்வுரிமை உண்டா, ஐயா?” என்று மாணவர் கேட்பர். “அவர் குற்றவாளி என்று முடிவு செய்ய வேண்டியவர் யார், அடைத்தவரா, நீதிபதியா?” என்று நான் திருப்பிக் கேட்பேன். இவ்வாணை எவரையும் குற்றமற்றவர் என்று சொல்வதில்லை. அடைத்தவர் காரணம் சொல்லியாக வேண்டும் என்பதே இதன் கட்டளை. தக்க காரணம் இருப்பின் காவல் தொடரும். இல்லையேல் கதவு திறக்கும்.