ஒற்றைப் படமும் கற்றலும்: கல்லூரி ஒளிப்படப் பாடத்தில் எதற்கு மதிப்பெண்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள் ஒளிப்படச் செய்முறைத் தாளுக்காக ரெக்கார்டு ஒன்று தயாரிக்கிறார்கள். நிலக்காட்சி, உருவப்படம், நிழலுருவம், ஓட்டத்தை உறைய வைத்தல், பேனிங், இரவுக் காட்சி, படக்கட்டுரை என்று பாடத்திட்டம் தலைப்புகளை அடுக்கித் தருகிறது. தலைப்புக்கு ஒன்றிரண்டு பிரிண்ட். அதன் கீழே அபெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. எண். தேர்வு நாளில் வெளித்தேர்வாளர் பக்கங்களைப் புரட்டுகிறார், இரண்டு கேள்வி கேட்கிறார், மதிப்பெண் போடுகிறார். பல பல்கலைக்கழகங்களில் செய்முறைத் தாளின் 100 மதிப்பெண், உள்மதிப்பீட்டுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60 என்று பிரிகிறது. இரண்டிலுமே கண்முன் இருக்கும் படம்தான் பேசுகிறது. படம் நன்றாக இருந்தால் மாணவர் கற்றிருக்கிறார் என்ற முடிவு இந்த நடைமுறைக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இக்கட்டுரை மறுப்பது அந்த முடிவைத்தான். நல்ல படம் கற்றலின் விளைவாக இருக்கலாம். அது மட்டுமே கற்றலுக்குச் சான்றாகிவிடாது. ஒரே பொருளை மாணவர் எப்படியெல்லாம் எடுத்துப் பார்த்தார், எடுத்தவற்றில் எதைத் தள்ளினார், ஏன் தள்ளினார் என்பதில்தான் கற்றல் கண்ணுக்குத் தெரிகிறது. மதிப்பெண்ணின் பெரும்பங்கு அங்கே சேர வேண்டும்.

படமே சான்று என்ற எண்ணம் காரணமின்றி வேரூன்றவில்லை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தபோது, தாளுக்கு மெழுகேற்றி, வெள்ளி உப்பு ஏற்றி நெகட்டிவாக்குவது முதல் பிரிண்ட் போடுவது வரை எல்லாமே கைவேலை. நம் ஊர் வெயிலில் அத்தனை கட்டங்களையும் தாண்டி வந்த ஒரு பிரிண்ட், தன்னைச் செய்த கையின் தேர்ச்சியைத் தானே சொன்னது. ஃபிலிம் காலத்திலும் இது ஓரளவு பொருந்தியது. 36 பிரேம் கொண்ட ரோலை எடுத்து, இருட்டறையில் டெவலப் செய்து, என்லார்ஜரில் பிரிண்ட் போட்ட மாணவர் எந்த இடத்தில் சறுக்கியிருந்தாலும் பிரிண்ட் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று அந்தக் கட்டங்களில் பெரும்பாலானவற்றைக் கருவியே செய்துவிடுகிறது. செல்பேசி ஒருமுறை தொட்டதும் பல பிரேம்களை எடுத்து இணைத்து, வானத்தையும் நிழலையும் தனித்தனியே சரிசெய்து ஒரு படமாகத் தருகிறது. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை பெரும்பாலும் கணக்கீட்டால் நடப்பது. பெரும்பாலான செல்பேசிகளில் லென்ஸின் அபெர்ச்சரை மாற்றவே வழியில்லை. அந்தப் படத்தின் கீழே மாணவர் எழுதிவைக்கும் அபெர்ச்சர் எண் உண்மையான எண்தான், ஆனால் அது அவர் எடுத்த முடிவு இல்லை. 2023-இல் சோனி உலக ஒளிப்பட விருதுகளில் ஒரு பிரிவில் தேர்வான ஒளிப்படக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தன் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று அறிவித்து விருதை மறுத்தார். படம் எப்படிப் பிறந்தது என்பதைப் படத்தின் முகத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாத காலத்துக்கு வந்துவிட்டோம். நம் ரெக்கார்டு முறை இன்னும் வரவில்லை.

பேனிங் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஓடும் பைக்கைக் கேமராவால் பின்தொடர்ந்து, வண்டி தெளிவாகவும் சாலையோரம் கோடுகளாகவும் விழும்படி எடுக்க வேண்டும். ரெக்கார்டில் ஒட்டிய ஒரு நல்ல பிரிண்ட், அது பயிற்சியால் வந்ததா, தற்செயலா, நண்பர் எடுத்துக் கொடுத்ததா என்று எதையும் சொல்லாது. அதே மாணவர் எடுத்த 40 பிரேம்களையும் எடுத்த வரிசையில் ஒரே தாளில் சிறு படங்களாகப் போட்டு, கான்டாக்ட் ஷீட்டாகப் பார்ப்பதாகக் கொள்வோம். முதல் சில பிரேம்கள் 1/500 நொடியில்: வண்டியும் நிற்கிறது, பின்னாலிருக்கும் டீக்கடையும் நிற்கிறது. அடுத்து 1/8-க்குத் தாவியிருக்கிறார், எல்லாமே கலங்கிவிட்டது. பிறகு 1/60, அதன்பின் 1/30. பின்னணி கோடாகத் தொடங்குகிறது, ஆனால் வண்டி பிரேமின் முன்விளிம்புக்கு ஓடித் தானும் கலங்கியிருக்கிறது: ஷட்டரை அழுத்தும்போது கையை நிறுத்திவிடுகிறார். 28-ஆவது பிரேமிலிருந்து வண்டி நடுவிலேயே இருக்கிறது, ஓட்டுபவரின் முகம் தெளிகிறது: அழுத்திய பிறகும் இடுப்பைத் திருப்பிக்கொண்டே இருக்கக் கற்றுவிட்டார். பிழையைக் கண்டது, காரணத்தை ஊகித்தது, ஷட்டரை விட்டுவிட்டு உடலை மட்டும் மாற்றிப் பார்த்தது என்று மூன்றும் அந்தத் தாளில் பதிவாகியிருக்கின்றன. பக்கத்து மாணவர் ஒரே அமைப்பில் 40 முறை அழுத்தி, அதிர்ஷ்டவசமாக ஒன்றைப் பிடித்திருக்கலாம். இருவர் ரெக்கார்டிலும் இருப்பது ஒரே தரமான படம். இருவருக்கும் ஒரே மதிப்பெண். மதிப்பீட்டாய்வாளர் ராய்ஸ் சாட்லர் 1989-இல் எழுதிய கட்டுரையில், முன்னேறுவதற்கு மாணவரிடம் மூன்று தேவை என்றார்: எட்ட வேண்டிய தரம் எதுவென்ற தெளிவு, தன் வேலையை அந்தத் தரத்தோடு ஒப்பிடும் திறன், இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்வது. ஒற்றைப் படத்தில் இம்மூன்றும் மறைந்துபோகின்றன.

இன்னும் நம் மண்ணுக்குரிய ஒரு சோதனையைச் சொல்லலாம். கருத்த மேனியுள்ள ஒருவர், வெள்ளை வேட்டி சட்டையில், உச்சி வெயிலில். தோலும் கெடாமல், வேட்டியின் நெசவும் கரையும் அழியாமல் எடுக்க வேண்டும். கேமராவின் மீட்டர் தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் ஆக்கப் பார்க்கும். பிரேமில் வேட்டி பெரிதாக விழுந்தால் மீட்டர் படத்தை இருட்டாக்கும், கண்கள் குழிக்குள் போய்விடும். முகத்தைக் கண்டுபிடித்து அளக்கும் அமைப்பு இருந்தால் அது முகத்தைத் தூக்கும், வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகும். எடிட்டிங்கில் முகத்தை இழுத்து ஏற்றினால் கருப்புத் தோல் சாம்பல் பூத்துப்போகும். அழகூட்டும் ஃபில்டர் அதை மாநிறமாகவே மாற்றிவிடும். கோடாக் நிறுவனம் வண்ணப் பிரிண்டைச் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்களின் முகமே அளவுகோலாக இருந்தது என்பதைப் பாடத்தில் படித்த மாணவர், இந்த இடத்தில் அந்த அறிவை என்ன செய்கிறார் என்று பார்க்க முடியும். ஆளைத் திண்ணை நிழலுக்கு நகர்த்தினாரா, தெர்மாகோல் அட்டையைப் பிடித்து முகத்துக்கு ஒளி திருப்பினாரா, ஹிஸ்டோகிராமைப் பார்த்து எக்ஸ்போஷரை மூன்றிலொரு ஸ்டாப், அரை ஸ்டாப் என்று நகர்த்தினாரா, மாலை வெயிலுக்குக் காத்திருந்தாரா? எதுவும் சரியான விடையாகலாம். இதே பணியைப் பருவத்தின் முதல் வாரத்தில் ஒருமுறையும் கடைசி வாரத்தில் ஒருமுறையும் கொடுத்து, இரு கான்டாக்ட் ஷீட்டுகளையும் அருகருகே வைத்தால், மாணவரை அவரோடே ஒப்பிட முடிகிறது. கற்றல் என்று நாம் பேசுவது இந்த மாற்றத்தைத்தான். முதல் நாளிலேயே நன்றாக எடுக்கத் தெரிந்து வந்தவருக்கு இன்றைய முறையில் பாடம் எதுவும் கற்பிக்காமலே முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது; பாடத்துக்கும் அது நியாயமில்லை, அவருக்கும் நியாயமில்லை.

எடுப்பதோடு வேலை முடிவதில்லை. ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955 முதல் 1957 வரை அமெரிக்கா முழுதும் சுற்றி ஏறத்தாழ 27,000 பிரேம்கள் எடுத்தார். 1958-இல் பாரிஸில் வெளிவந்த அவருடைய நூலில் இருப்பவை 83. அந்த நூலை உருவாக்கியதில் தள்ளிய பிரேம்களுக்கும் பங்குண்டு. எனவே மாணவர் தாம் எடுத்தவற்றில் ஐந்தைத் தேர்ந்து, தேர்வுக்கு மிக அருகில் வந்து விடுபட்ட ஒன்றையும் சேர்த்து, விட்டதற்கான காரணத்தை நான்கு வரியில் எழுதச் சொல்ல வேண்டும். இது ஆகாத கனவும் இல்லை. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் எழுதும், ஒளிப்படத்தையும் ஏற்கும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) ஓவிய-வடிவமைப்புத் தேர்வு 2019-20 கல்வியாண்டில் திருத்தப்பட்டது. அதில் ஒரே கேள்வியைத் தொடர்ந்து ஆராய்ந்ததைக் காட்டும் 15 படங்களுக்கு 60 விழுக்காடு. தேர்ந்த ஐந்து படைப்புகளுக்கு 40. பயிற்சியும் சோதனையும் திருத்தமும் தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. பெருந்திரளுக்கு நடத்தும் ஒரு பொதுத்தேர்வே இதைச் செய்யும்போது, 50 பேர் கொண்ட ஒரு வகுப்பால் முடியாது என்பது ஏற்கத்தக்கதன்று.

முதல் மறுப்பு தொழிலிலிருந்து வரும். பத்திரிகையும் வாடிக்கையாளரும் படத்துக்குத்தான் காசு தருகிறார்கள், முயற்சிக்கு இல்லை. கல்லூரி வேறு அளவுகோல் வைத்தால் மாணவர் ஏமாந்துபோவார் என்பார்கள். தொழில் எடைபோடுவது படத்தை. கல்லூரி சான்று தருவது ஆளுக்கு. திருமண வேலையையே எடுத்துக்கொள்வோம்: தாலி கட்டும் நேரம் சில நொடிதான், இரண்டாம் முறை கிடையாது. மண்டபத்தின் மஞ்சள் பல்பும், வீடியோக்காரரின் வெள்ளை லைட்டும், ஓமப் புகையும் ஒன்றாக வந்து நிற்கும். அங்கே ஒருவரை அனுப்புகிறவருக்குத் தெரிய வேண்டியது, அவர் இதுவரை எடுத்ததில் சிறந்தது எது என்பதைவிட, தெரியாத வெளிச்சத்தில் அவர் எப்படி முடிவெடுப்பார் என்பது. படவரிசை அதைத்தான் காட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது: முயற்சியையும் தேர்வையும் எடைபோடுவது தேர்வாளருக்குத் தேர்வாளர் மாறும். உண்மை. அளவுகோல் அட்டவணை போட்டால் இது தீரும் என்று நம்புவோர் உண்டு. அட்டவணையில் முன்கூட்டியே எழுதிவைத்த கூறுகளைக் கூட்டினால் தேர்ந்த கண்ணின் முழுத்தீர்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை என்று 2009-இல் எழுதியவரும் அதே சாட்லர்தான். வேறொரு வழி உண்டு. உளவியலாளர் தர்ஸ்டோன் 1927-இலேயே காட்டியபடி, மனிதர்களுக்கு ஒரு பொருளுக்கு எண் கொடுப்பதைவிட இரண்டில் எது மேல் என்று சொல்வது எளிது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ரிச்சர்ட் கிம்பெல் குழு, மாணவர்களின் வடிவமைப்பு வேலைகளை மின்னணுத் தொகுப்புகளாக்கி, பல தேர்வாளர்கள் இரண்டிரண்டாக ஒப்பிடும்படி செய்து வரிசைப்படுத்தியது. நம்பகத்தன்மை மிக உயர்ந்து காணப்பட்டது. அந்த உயர்வை அப்படியே நம்பக் கூடாது. அடுத்து எந்த இணையை ஒப்பிடுவது என்பதைக் கணினி தகவமைத்துத் தேர்ந்தெடுக்கும்போது நம்பகத்தன்மை மிகைப்பட்டுத் தெரியும் என்று மதிப்பீட்டாய்வாளர் டாம் பிராம்லி 2015-இல் காட்டினார். ஆகவே இணைகளைக் குலுக்கல் முறையில் அமைத்து, துறை ஆசிரியர்கள் மூவர் தனித்தனியே ஒப்பிடுவது போதும். ஒரு தேர்வாளர் சில நிமிடங்களில் தனியாக எண் போடும் இன்றைய முறையோடு வைத்துப் பார்த்தால், இது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

வேலைப்பளு மூன்றாவது மறுப்பு. 50 மாணவர், 12 தலைப்பு, தலைப்புக்கு 40 பிரேம் என்றால் 24,000 பிரேம்கள். எந்த ஆசிரியரும் பார்க்க மாட்டார். தலைப்புகளை நான்காகக் குறைத்தால் 200 தாள்கள் ஆகும். ஒரு தாளைப் படிக்க மூன்று நிமிடம் என்று கொண்டால் பருவத்துக்கு 10 மணி நேரம். பன்னிரண்டு தலைப்பை மேலோட்டமாகத் தொடுவதைவிட நான்கில் ஆழ்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பொய் வரிசை தயாரிக்கலாமே என்ற கேள்விக்குப் பத்திரிகை உலகில் ஓரளவு விடை இருக்கிறது. உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டி இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறது. கோப்பில் பதியும் தகவலையும் மாற்றலாம்தான். ஆனால் ஒன்றோடொன்று முரணாத 40 பிரேம்களைப் பொய்யாகச் செய்வது எளிதன்று, வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் 17-ஆவது பிரேமைத் தொட்டு, “இங்கே ஏன் மாத்தினீங்க?” என்று கேட்டால் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒரே பிரேமில் முடித்துவிடும் மாணவர் தண்டிக்கப்படுவாரா? 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் நிலவெழுச்சியை எடுத்தபோது லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது நினைவில் இருந்ததால் அதிலிருந்து எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். இரண்டாவது பிரேமுக்குள் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. அங்கே வரிசை இல்லை, ஆனால் முடிவுக்கான வழி முழுவதையும் அவரால் சொல்ல முடிந்தது. கேட்க வேண்டிய சான்று அந்த வழிதான். பிரேம் எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பெண்கூடத் தரக் கூடாது.

உண்மையில் இந்த முறையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுக்க நேரம் வேண்டும். கல்லூரி முடிந்ததும் கடைக்கு வேலைக்குப் போகும் மாணவருக்கு மாலை வெயில் கிடையாது. மாலையிலேயே கேட்டை மூடும் விடுதியில் தங்கும் மாணவிக்கு இரவுக் காட்சியே கிடையாது. விலையுயர்ந்த கேமரா வைத்திருப்பவருக்கு ஒற்றைப் படம் தந்த சலுகையை, ஓய்வுநேரம் இருப்பவருக்கு வரிசை தந்துவிடக் கூடாது. அதனால் எடுப்பதற்கான மணி நேரங்கள் கால அட்டவணைக்குள்ளேயே வர வேண்டும்: துறையின் கேமராக்களை முறைவைத்துக் கொடுத்து, வாரம் ஒரு பிற்பகல் வளாகத்திலோ பக்கத்துச் சந்தையிலோ, பருவத்துக்கு ஓர் இரவு ஆசிரியரின் பொறுப்பில் வெளியே. பாடத்திட்டக் குழு மதிப்பெண் பிரிவைத் திருத்த உட்காரும் அதே கூட்டத்தில் இந்த மணி நேரங்களையும் எழுத வேண்டும்.