தொப்புள்கொடியில் எஞ்சிய கணக்கு

குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதனைத் தாயத்தில் அடைத்துக் கட்டும் வழக்கம் தமிழரிடையே உண்டு. யப்பானியத் தாய்மார் அதனைச் சிறு மரப்பெட்டியில் இட்டு, பிறந்த திகதியையும் குறித்துப் பல்லாண்டுகள் பாதுகாப்பர். அத்தகைய பெட்டிகள் ஒரு தொழிற்சாலையின் கழிவு வரலாற்றையும் பதிந்து வைத்திருந்த கதையை இங்கு எழுத விரும்புகிறேன்.

கியூசு தீவின் மேற்குக் கரையிலுள்ளது மினமாட்டா. அங்கிருந்த சிஸ்ஸோ என்ற இரசாயன நிறுவனம் 1932 முதல் அசற்றல்டிகைட்டு உற்பத்திக்குப் பாதரசத்தை ஊக்கியாகப் பயன்படுத்தியது. அதனால் உருவான மெதைல் பாதரசம் கழிவுநீருடன் கடலிற் கலந்து, மீன்களில் ஏறி, மீனுண்டவர்களின் மூளையைத் தாக்கிற்று. 1956 மே 1ஆம் திகதி, தொழிற்சாலை மருத்துவமனையின் பணிப்பாளர் வைத்தியர் ஹஜிமே ஹொசொகாவா, இனந்தெரியாத நரம்பு நோயொன்று தோன்றியிருப்பதைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். 1959இல் அவரே தொழிற்சாலைக் கழிவுநீரை உணவிற் கலந்து பூனையொன்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். 400ஆம் இலக்கமிடப்பட்ட அப்பூனை நோயுற்றது. நிறுவனம் அம்முடிவை மறைத்தது.

அதே ஆண்டு டிசெம்பரில் நோயாளர் குடும்பங்களுடன் 'அனுதாபப் பண' ஒப்பந்தம் எழுதப்பட்டது. கழிவுநீரே காரணமெனப் பின்னர் தெரியவந்தாலும் மேலதிக இழப்பீடு கோரலாகாது என்பது அதன் நிபந்தனை. (காரணத்தைப் பூனை ஏற்கெனவே சொல்லியிருந்தது!)

கருவிலேயே பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அப்போது எந்தக் கணக்கிலும் இல்லை. கழுத்து நில்லாமல், பேச்சின்றி, கைகால் முறுகி வளர்ந்த அவர்களுக்கு மூளைவாதம் என்றே மருத்துவர்கள் பெயரிட்டனர். நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்பது அக்கால மருத்துவ நம்பிக்கை. இளம் மருத்துவரான மசசுமி ஹராடா அங்கு சகோதரர் இருவரைக் கண்டார். அறிகுறிகள் ஒன்றே. ஆயினும் மூத்தவனுக்கு மட்டுமே மினமாட்டா நோய் என்றனர். இளையவன் மீனே உண்டதில்லையாம். மீனைத் தான் உண்டதாகவும், அதிலிருந்த நஞ்சே வயிற்றுப் பிள்ளைக்குச் சென்றதாகவும் தாய் வாதிட்டார். பத்திரிகையாளன் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்துவது இவ்விடமே. விடை அந்த வீட்டிலேயே இருந்தது. போய்க் கேட்பதற்குத்தான் ஆளில்லை. இறந்த பிள்ளைகளின் மூளையை ஆராய்ந்த பின்னரே, 1962 நவம்பரில், 16 பிள்ளைகள் பிறவி மினமாட்டா நோயாளராக ஏற்கப்பட்டனர்.

1968 மே மாதம் அந்த உற்பத்தி நின்றது. தொழிற்சாலையே காரணமென அரசு அறிவித்தது அதன் பின்னர், செப்டெம்பரில். 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் அனுதாபப் பண ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கியது.

ஹராடா வீடு வீடாகச் சென்று மரப்பெட்டிகளைத் திறக்கச் செய்தார். தாய்மார் தந்த காய்ந்த கொடிகளில் மெதைல் பாதரசம் அளக்கப்பட்டது. 1975இல் வெளியான அவ்வாய்வில், பிறந்த ஆண்டுவாரியாக இட்ட அளவுகள் தொழிற்சாலையின் உற்பத்தியுடன் ஏறி, அதனுடனேயே இறங்கின.

அன்று கருவிலிருந்தோர் இப்போது எழுபதை அண்மித்துவிட்டனர். 2023 செப்டெம்பரில் ஒசாகா நீதிமன்றம், அதுவரை நோயாளராக ஏற்கப்படாதிருந்த 128 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது.