கட்டியாக மாறிய துணியும் காலக்கெடுவும்

அறுவை சிகிச்சையின்போது உடலுக்குள் மறந்து விடப்பட்ட பருத்தித் துணி, ஆண்டுகள் பல கழிந்தபின் கட்டியாக அறியப்படுவது மருத்துவ வரலாற்றில் புதிதன்று. மருத்துவ நூல்கள் இதற்கு இட்ட பெயர் 'காசிபிபோமா'. பருத்தியைக் குறிக்கும் 'காசிபியம்' என்னும் இலத்தீன் சொல் அதில் அடங்கியுள்ளது. லிம்போமா, மெலனோமா முதலிய பெயர்களோடு ஒத்தொலிக்கும் இச்சொல், மனிதத் தவறு ஒன்றை நோயின் வரிசையில் நிறுத்திவிடுகிறது.

பருத்தி உடலுக்குள் கரைவதில்லை. உடல் அதனை இருவகையில் எதிர்கொள்கிறது. சீழ் பிடித்தால் வலியும் காய்ச்சலும் விரைவில் காட்டிக்கொடுத்துவிடும். சீழின்றி நார்த்திசு சூழ்ந்து உறையிட்டுவிட்டால், துணி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். பின்னர் ஸ்கேனில் அது கட்டியாகத் தெரியும். புற்றுநோய் என்ற ஐயத்தோடு வயிற்றைத் திறந்தபின்பே உண்மை புலப்படுவதும் உண்டு.

இத்தகைய நிகழ்வுக்கு முதற்பதிவாகப் பொதுவாகச் சுட்டப்படுவது 1884இல் வில்சன் எழுதியது. 1940இல் கிராசன் என்னும் பெயருடைய மருத்துவர் இருவர், வயிற்றில் விடப்பட்ட பொருள்களைப் பற்றித் தனிநூலே வெளியிட்டனர். எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியும் இழை கோத்த துணிகளும், துணிகளை எண்ணிச் சரிபார்க்கும் முறையும் நிலைபெற்றன. ஆயினும், அதுல் கவாண்டே குழுவினர் அமெரிக்காவில் 54 நோயாளிகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரை, எண்ணிக்கை எடுக்கப்பட்ட நேர்வுகளுள் 88 விழுக்காட்டில் கணக்குச் 'சரி' என்றே கருதப்பட்டதைக் காட்டியது. ஏட்டில் சரியாக இருப்பது உடலுக்குள் ஒன்றுமில்லை என்பதற்குச் சான்றாகாது.

இந்தியச் சட்ட வரலாற்றில் இச்சிக்கலின் இரு முகங்களையும் காணலாம். 1963இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில், மகப்பேற்றுக்குப்பின் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் துணி விடப்பட்டது. சில நாள்களில் வயிற்றை மீண்டும் திறந்தும் அவர் பிழைக்கவில்லை. துணி உள்ளே இருந்ததே அலட்சியத்தை உணர்த்தும் என்றும், அதற்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றும் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 33 ஆண்டுகள் கடந்திருந்தன.

இரண்டாவது வழக்கில் தவறு மெதுவாக வெளிப்பட்டது. 1993இல் பித்தப்பை அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 2002இல் மும்பையில் துணி அகற்றப்பட்டது. அவர் நுகர்வோர் ஆணையத்தை நாடினார். அச்சட்டத்தின்படி காலக்கெடு ஈராண்டு. தவறு வெளிப்படையாக இல்லாதபோது, அது தெரியவரும் நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடலாம் என்னும் கோட்பாட்டை 2010இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனினும், அவர் செவிலியர் ஆதலால் தொடர்ந்த வலியின் காரணத்தை முன்னரே ஆராய்ந்திருக்க வேண்டும் எனக் கூறி, முறையீடு காலங்கடந்தது என முடிவு செய்தது.

2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நெறிமுறைகள், உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டுகள் காக்குமாறு மட்டுமே பணிக்கின்றன. துணி ஒன்பதாண்டுகள் கிடக்கலாம். ஏடு மூன்றாண்டில் அழியலாம். வழக்குரிமை ஈராண்டில் முடியலாம். மயக்க நிலையில் கிடந்தவருக்குத் தம் உடலுக்குள் நிகழ்ந்ததை அறிய வழியில்லை. அறிந்த மருத்துவமனையோ ஏட்டைக் காக்கும் கடமையிலிருந்து விரைவில் விடுபடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வே மருத்துவ வரலாறும் சட்ட வரலாறும் இணைந்து ஆராய வேண்டிய பொருள். வெட்டியெடுத்த 'கட்டி'யைப் பற்றிய நோய்க்குறியியல் அறிக்கைகளிலிருந்து அவ்வாய்வைத் தொடங்கலாம். அறுவை ஏடுகள் அழிந்த பின்னும் எஞ்சும் சான்று பெரும்பாலும் அவை மட்டுமே.